நாய் இறந்து கிடந்தால்: அடியா, வண்டியா?

கேள்வி: வளர்ப்பு நாய் சாலையோரம் செத்துக் கிடக்கிறது. வண்டி மோதியதா, யாரோ அடித்தார்களா என்று பிரேதப் பரிசோதனையில் தெரியுமா? அதுவரை ஃப்ரீசரில் வைக்கலாமா?

பதில் 1: ஃப்ரீசர் வேண்டாங்க. உறைந்தால் செல்கள் உடைந்து, மைக்ராஸ்கோப் பரிசோதனை கெட்டுப்போகும். 4 டிகிரியில் வையுங்கள். கழுவவே கூடாது, முடியில் ஒட்டியதும் தடயம்தான்.

பதில் 2: முதலில் நகத்தைப் பாருங்கள். வண்டி இழுத்துப்போன நாய்க்கு நகநுனி தேய்ந்து பிசிறடித்திருக்கும். முடியில் கிரீஸ், தார், மண் இருக்கும். அடிபட்ட உடலிலோ முடி எல்லாவற்றையும் மறைத்துவிடும். தோலை முழுசாக உரித்தால்தான் அதற்குக் கீழே கன்றிய ரத்தக்கட்டு தெரியும். பல டாக்டர்கள் வயிற்றை மட்டும் திறந்து முடித்துவிடுகிறார்கள், அது போதாது. கத்தி வைக்கும் முன் முழு உடல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். புது விலா முறிவோடு ஆறிய முறிவும் இருந்தால், தொடர்ந்து அடித்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும்.

பதில் 3: விஷம் வைத்தார்களா என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப, இரைப்பையும் அதில் இருப்பதும் ஒரு பாட்டிலில், கல்லீரல், சிறுநீரகம் தனித்தனியாக. உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவு செறிந்த உப்புக் கரைசல் ஊற்றி, வாயு சேர மேலே இடம் விடுங்கள். இதில் ஃபார்மலின் (திசு அழுகாமல் காக்கும் ரசாயனத் திரவம்) கூடாது. அது திசுப் பரிசோதனைக்கு மட்டும், 10 சதவீதம், திசுவைப்போல் 10 மடங்கு. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புக் கரைசலையும் ஒரு பாட்டிலில் அனுப்ப வேண்டும்.

பதில் 4: புகாரை முதலில் கொடுங்கள். விலங்கைக் கொன்றால், பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியக் குற்றவியல் சட்டம்) 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. போலீஸ் கடிதத்தோடு அரசு கால்நடை மருத்துவர் அறுத்து, சீல் வைத்த மாதிரிதான் கோர்ட்டில் நிற்கும்.