காற்றை அளந்து ஆலை மீது புகார் சொன்னால் அபராதமா?

கேள்வி: அமெரிக்காவின் லூசியானாவில் 2024-ல் வந்த சமூகக் காற்றுக் கண்காணிப்புச் சட்டப்படி, மலிவு விலை சென்சார் அளவைக் காட்டி ஆலை விதி மீறியது என்று சொல்லக் கூடாதாம். அப்படியானால் அருகில் வசிப்பவர்கள் புகாரே கொடுக்க முடியாதா?

பதில் 1: கொடுக்கலாம். சட்டம் குறிவைப்பது சமூகக் கண்காணிப்புத் திட்டங்களின் தரவை. மத்திய சுற்றுச்சூழல் முகமை ஏற்ற கருவியும் முறையும் இல்லாமல் விதிமீறல் என்று குற்றம்சாட்டினால் நாளுக்கு 32,500 டாலர் வரை அபராதம். தெரிந்தே செய்தால் மேலும் 10 லட்சம் டாலர் வரை. எந்தக் குடியிருப்போர் குழுவால் இதைத் தாங்க முடியும்? வாய் திறக்கவே பயப்படுவார்கள், அதுதான் பெரிய கேடு.

கருவி இல்லாத புகாருக்குத் தேதி, நேரம், காற்றின் திசை, நாற்றத்தின் தன்மை, புகையின் நிறம் எல்லாம் அன்றன்றே எழுதுங்கள். படத்தைப் பொதுச் சாலையிலிருந்து எடுங்கள். வெட்டவோ நிறம் மாற்றவோ வேண்டாம், மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும்.

பதில் 2: சென்சார் பற்றி ஒன்று. ஒளிச்சிதறலில் (துகளில் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்து) இயங்குபவை நுண்துகளை மட்டுமே எண்ணும், அதுவும் ஈரப்பதம் ஏறினால் மிகையாகக் காட்டும். எத்திலீன் ஆக்சைடு, பென்சீன் போன்ற வாயுக்கள் அதில் தெரியவே தெரியாது. அவற்றுக்கு வெற்றிடக் குப்பியில் மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவோடு.

பதில் 3: அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான வயோமிங்கில் 2015-ல் இதே போக்கில் வந்த தரவு சேகரிப்புத் தடைச் சட்டம் நீதிமன்றத்தில் விழுந்தது. பொது நிலத்தில் தரவு சேகரிப்பதும் பேச்சுரிமைப் பாதுகாப்புக்குள் வரும் என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.