மண்டபம் கடற்கரை வீட்டில் ஹாட் டப்: வயரிங், எர்த் எப்படிச் செய்வது?

கேள்வி:
அண்ணன்மாருக்கு வணக்கம். மண்டபத்துல கடலுக்கு 150 மீட்டர் தள்ளி வீடு. பின்பக்கம் 1200 லிட்டர் ஹாட் டப் (உட்கார்ந்து குளிக்கிற சுடுதண்ணித் தொட்டி) வைக்கிறோம். ஹீட்டர் 3 கிலோவாட், பம்ப் 2 எச்.பி., ப்ளோயர் (தண்ணியில காத்துக் குமிழ் ஊதறது) 700 வாட். மெயின் போர்டுலேருந்து 28 மீட்டர். ஏசி பாயிண்ட்லேருந்து 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் இழுத்தா போதும்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். அடுத்த வாரம் தளத்துக்கு கான்கிரீட். என்ன செய்யணும்?

பதில் 1:
கான்கிரீட்டை நாலு நாள் தள்ளினாலும் பரவாயில்லை தம்பி, முதல்ல தளத்துக்குள்ள வர்ற கம்பி வலையை எர்த்தோட சேருங்க. ஈரக்காலோட தளத்துல நிக்கிறவர் கைப்பிடியைத் தொட்டா ரெண்டுக்கும் நடுவுல வோல்ட் வித்தியாசமே இருக்கக்கூடாது. கம்பியில செம்பு வயரை நேரடியா சுத்தாதீங்க, உப்பு ஈரத்துல அந்த இடத்துக் கம்பிதான் முதல்ல அரிச்சுப்போகும். 25×3 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பட்டையை ரெண்டு இடத்துல வெல்டு வச்சு, தளத்துக்கு வெளிய ஒரு அடி நீட்டி விடுங்க. பம்ப் பாடி, கைப்பிடி, ஏணி எல்லாத்தையும் 6 ஸ்கொயர் செம்புல அங்க கொண்டுவந்து சேருங்க.

ஏசி பாயிண்ட் யோசனையை விட்ருங்க. ஹீட்டர் 13, பம்ப் சுமார் 10, ப்ளோயர் 3, ஆக 26 ஆம்ப்ஸ். 2.5 ஸ்கொயர்ல 28 மீட்டருக்கு 13 வோல்ட் வழியிலேயே போயிடும். 6 ஸ்கொயர்னா 5 வோல்ட்தான். போர்டுலேருந்து தனி லைன்: மூணு கோர் 6 ஸ்கொயர் காப்பர் ஆர்மர்ட் கேபிள், ரெண்டரை அடி ஆழம், மேல மணல், செங்கல். நடுவுல ஜாயிண்ட் கூடவே கூடாது. 32 ஆம்ப்ஸ் சி கர்வ் எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா விழற சுவிட்ச்), 40 ஆம்ப்ஸ் 30 மில்லி ஆம்ப்ஸ் ஏ டைப் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிஞ்சா விழற சுவிட்ச்). டப்புலேருந்து 2 மீட்டருக்கு மேல தள்ளி, கண்ணுக்குத் தெரியற இடத்துல ஐசொலேட்டர் (மொத்த லைனையும் துண்டிக்கிற சுவிட்ச்). பிளக் பாயிண்ட் 3.5 மீட்டருக்குள்ள வேண்டாம். கூடுதல் லோடுக்கு மின்வாரிய பிரிவு அலுவலகத்துல எழுதிக் கொடுத்துருங்க.

பதில் 2:
மேல சொன்னது சரி. எர்த்தைப் பத்தி நான் சேர்க்கிறேன், நம்ம கரையில அதுலதான் கோட்டை விடுறாங்க. எர்த்தோட தடை 5 ஓம் இருக்குன்னு வைங்க, நல்ல எர்த்துதான். ஃபேஸ் பாடியைத் தொட்டா 230-ஐ 5-ஆல வகுத்து 46 ஆம்ப்ஸ்தான் ஓடும். அந்த 32 ஆம்ப்ஸ் சி கர்வ் எம்சிபி உடனே விழ 160-லேருந்து 320 ஆம்ப்ஸ் வேணும். அதனால எம்சிபி உடனே விழாது, ஆளைக் காப்பாத்துறது ஆர்சிசிபி மட்டும்தான். மாசம் ஒருதரம் டெஸ்ட் பட்டனை அமுக்குங்க.

மேல் மணல் காய்ஞ்சு கிடக்கும். 3 மீட்டர் காப்பர் பாண்டட் ராடு (செம்பு பூசின எர்த் கம்பி) ஈர மணல் வரைக்கும் இறங்கணும், சுத்தி பென்டோனைட் (ஈரம் பிடிச்சு வைக்கிற களிமண்). வழக்கம்போல உப்பும் கரியும் கொட்டாதீங்க. உப்பு ஏற்கெனவே மண்ணுல இருக்கு, மேல கொட்டினா ஜிஐ பைப்பு சீக்கிரமே மெலிஞ்சுரும்.

சுவிட்ச் பாக்ஸ் பாலிகார்பனேட் ஐபி65 (தூசி, தண்ணி புகாதது), தகரப்பெட்டி வேண்டாம். கேபிள் அடியிலேருந்து ஏறணும். வயர் முனையில வெள்ளீயம் பூசின லக் போட்டு கிரிம்ப் பண்ணுங்க (அழுத்திப் பிடிங்க). பச்சை பூத்த ஸ்க்ரூ சூடாகி, பக்கத்து இன்சுலேஷன் பழுப்பாகும். கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) சீசன் முடிஞ்சதும் திறந்து இறுக்குங்க.

கேள்வி (வேறொருவர், உச்சிப்புளி):
ஹீட்டர் ஓடினா மட்டும் ஆர்சிசிபி விழுது, பம்ப் தனியா ஓடினா விழலை. ஏன்?

பதில் 2:
ஹீட்டர் எலிமெண்ட்ல (தண்ணியைச் சூடாக்குற குழாய்) ஊசி ஓட்டை விழுந்திருக்கும். போர்வெல் உப்புத் தண்ணி சாதா ஸ்டீல் உறையை அரிச்சு, உள்ள இருக்கிற பவுடர் நனைஞ்சிடும். ஐசொலேட்டரை ஆஃப் பண்ணி, எலிமெண்ட்டோட ரெண்டு வயரையும் கழட்டி, வயருக்கும் பாடிக்கும் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் பார்க்குற மீட்டர்) வச்சுப் பாருங்க. கண்ட்ரோல் போர்டு சேர்ந்திருக்கும்போது மெக்கர் வைக்காதீங்க, போர்டு போயிடும். 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டினா மாத்தத்தான் வேணும். டைட்டானியம் உறை வாங்குங்க. ஆர்சிசிபியை எடுத்துட்டு நேரடியா கொடுக்கிற ஆளை வீட்டுக்குள்ள விடாதீங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றிண்ணே. சூடேற எவ்வளவு நேரம் ஆகும்?

பதில் 1:
28 டிகிரி தண்ணி 38 ஆகணும்னா 14 யூனிட், 3 கிலோவாட்டுக்கு நாலே முக்கால் மணி நேரம். வோல்டேஜ் 180-க்கு இறங்கினா ஹீட்டர் 1.8 கிலோவாட்தான் தரும், நேரம் எட்டு மணி நேரத்தை நெருங்கிடும். அப்போ பம்ப் சூடாகும், அதனால வோல்டேஜ் இறங்கினா லைனை வெட்டுற வோல்டேஜ் ரிலே ஒண்ணு போர்டுலயே போட்ருங்க.