400 ரூபாய் மஸ்காராவும் அம்மாவின் அலறலும்

அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கப் போன மெடிக்கல் ஷாப்பில், பில் போடும் இடத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில், இமைமுடிக்குப் பூசும் இந்த மஸ்காரா கண்ணில் பட்டது. 400 ரூபாய்க்குள்தான். பெரிய நம்பிக்கையோடு வாங்கவில்லை. இதற்கு முன் நான் வாங்கியது என் மானத்தை வாங்கியிருந்தது.

அது போன மே மாதம், சித்தி மகள் கல்யாணம். சென்னை வெயிலுக்குப் பயந்து ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்ததாகப் பார்த்து எடுத்தேன். பந்தியில் எதிரே உட்கார்ந்த அத்தை, “என்னடி, ராத்திரி பூரா தூங்கலையா?” என்றார். கண்ணுக்குக் கீழே கரி அப்பியதுபோல் இருந்திருக்கிறது. நான் வியர்வையைத் திட்டினேன். குற்றவாளி எண்ணெய்! வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவில் உள்ள மெழுகு தண்ணீருக்கு அசையாது, எண்ணெய் பட்டால் இளகிவிடும். அதனால்தானே அதைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறோம். எனக்கோ எண்ணெய் வழியும் முகம், போதாக்குறைக்குக் கண்ணடியில் க்ரீம் வேறு.

இப்போது வாங்கியது டியூபிங் மஸ்காரா. ஒவ்வொரு இமைமுடியைச் சுற்றியும் பாலிமர் உறையாகக் காய்ந்து நிற்கும் ரகம், எண்ணெய்க்கு லேசில் கரையாது. காலையில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் தாம்பரம் வரை நின்றபடி போய், சாயங்காலம் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தால் போட்டது போட்டபடி இருந்தது. அடர்த்தி காட்டுமா என்றால், இல்லை. நீளம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இமைமுடியை வளைக்கும் கர்லர் வைப்பவர்கள் மஸ்காராவுக்கு முன்பே வைத்துவிடுங்கள். பிறகு வைத்து நாலு முடியைப் பறிகொடுத்தவள் சொல்கிறேன்.

கழுவுவதுதான் கூத்து. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெல்ல இழுத்தால், கறுப்புக் கறுப்பாகச் சின்ன இழைகள் கழன்று வரும். முதல் நாள் வாஷ்பேசினில் அதைப் பார்த்த அம்மா, “ஐயோ, இமையெல்லாம் கொட்டிப்போச்சே! வீட்டு மையே போதும்னு அப்பவே சொன்னேன்” என்று போட்ட சத்தத்தில், அப்பா மாத்திரையும் கையுமாக ஓடி வந்தார்.

அப்புறம், பிரஷ்ஷை உள்ளே விட்டு விட்டுக் குத்தாதீர்கள், காற்று புகுந்து சீக்கிரம் காய்ந்துவிடும். திறந்த தேதியை டியூபிலேயே மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன், மூன்று மாதம் ஆனதும் குப்பைக்குப் போகும். தங்கை நேற்று இரவல் கேட்டாள். அவள் கல்லூரியில் பாதிப் பேருக்கு மெட்ராஸ் ஐ. வேறு வாங்கித் தருகிறேன், இதைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.