தோணியில் நின்று ட்ரோனைக் கையால் பிடிப்பது எப்படி?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை வீசுபவர்களைத் தோணியில் இருந்தபடி ட்ரோனால் படமெடுக்கிறேன். கரையில் இறக்கினால் கல்லடி மணல் பறந்து கமெராவைத் தாங்கும் கிம்பலுக்குள் புகுந்துவிடும். தோணியிலோ சமதரை இல்லை. புறப்பட்ட இடத்துக்கே தானாகத் திரும்பச் சொன்னால், நகர்ந்துவிட்ட தோணியை விட்டுவிட்டு வெறும் தண்ணீரில் இறங்கும். ஆகவே கையால்தான் பிடிக்க வேண்டும்.

உள்ளங்கையை அடியில் நீட்டியதும் கீழ்நோக்கிய சென்சர்கள் அதைத் தரையென்று எண்ணி ட்ரோனை மேலே தூக்கிவிடுகின்றன. எட்டிப் பற்றினால் சமநிலை காக்க மோட்டார்கள் இன்னும் வெறியாகச் சுழல்கின்றன. கச்சான் காற்று வீசும் நேரத்தில் விசிறி விரல் நுனியை உரசப் பார்க்கிறது. கூட வரும் தம்பியின் கைதான் எனக்குப் பெரிய கவலை. ட்ரோனை வாங்கலாம், விரலை வாங்க முடியாது.

அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்: சென்சர்களை அணைத்துவிட்டுப் பிடிப்பது நல்லதா? ட்ரோனின் உடலைப் பற்றியதும் ரிமோட்டின் இடதுகுச்சியைக் கீழே அழுத்திப் பிடித்தால் போதுமா? பிடிப்பதற்கென்று ட்ரோனுக்கு நீளமான கால் பொருத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கிம்பலில் கை படாமல் எங்கே பற்றுவது என்று ஒரு படம் போட்டாலும் பேருதவி.