ஃபைபர் சிலைக்கு வெண்கலத் தோற்றம் வர என்ன செய்யலாம்?

மயிலாடிப் பையன்:
எங்கள் வீட்டில் எல்லோரும் கல்வேலை, நான் மட்டும் ஃபைபர் பக்கம் வந்துவிட்டேன். மார்பளவு வள்ளுவர் சிலை ஒன்றுக்குத் தங்க நிற ஸ்பிரே அடித்தேன், கல்யாண மண்டப அலங்காரம் மாதிரி இருக்கிறது. வெண்கலமாகத் தெரிய வழி சொல்லுங்கள் அண்ணாச்சி.

கோட்டாறு பெயிண்டர்:
ஒரே நிறம் அடித்தால் அப்படித்தான் தம்பி. அச்சிலிருந்து சிலை கழன்று வரப் பூசுகிற மோல்டு மெழுகு ஒட்டியிருந்தால் எந்தப் பெயிண்டும் உரிந்துவிடும், அதனால் முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி பிரைமர் அடி. அப்புறம் முழுக்கக் கரும்பழுப்பு. அது காய்ந்ததும் பிரஷ்ஷில் வெண்கல மெட்டாலிக்கைத் தொட்டு, துணியில் பெரும்பாலும் துடைத்துவிட்டு, மூக்கு, தாடி மேடு, துணிமடிப்பு விளிம்பு என்று கை படக்கூடிய இடங்களில் மட்டும் லேசாக இழு. பழைய வெண்கலத்தில் படிகிற களிம்பு மாதிரி பச்சை நிறம் பள்ளங்களில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான். நிறையப் பேர் இங்கேதான் கெடுக்கிறார்கள்.

ரெசின் அண்ணன்:
அடுத்த சிலைக்குப் பெயிண்டே வேண்டாம். ஜெல்கோட்டில், அதாவது சிலையின் வெளித்தோலாக வரும் கெட்டி ரெசினில், அசல் வெண்கலப் பொடியைத் தாராளமாகக் கலந்து மோல்டில் முதல் கோட்டாகப் பூசு, பின்னால் வழக்கம்போல கண்ணாடியிழை மேட் விரிப்பு, ரெசின். வெளியே எடுத்தபின் 0000 என்கிற மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் (இரும்பு நார்) தேய்த்தால் உலோகம் மேலே வரும். மைக்கா பொடியை வாங்கிவிடாதே, அது நிறம் மட்டும்தான்.

மயிலாடிப் பையன்:
சிலை கடற்கரை ஓரம் வெளியில் நிற்கும், தாங்குமா?

கோட்டாறு பெயிண்டர்:
வெயிலின் யுவி கதிரைத் தாங்கும், பளபளக்காத மேட் வகை பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியர் அடி. பளபளப்பு வேண்டவே வேண்டாம்.