காவடி வாரத்துக்கு ஊரிலிருந்து வருகிறார்கள்: கத்ர போர்ன் வீடா, ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரை ஓட்டலா?

எபேன் மாலா கேட்கிறார் (பதில் சொல்பவர்கள் மலையடிவாரம், சாவிக்கொத்து, தென்மேற்கு என்ற புனைபெயர்களில்):

வணக்கம். மதுரையிலிருந்து அப்பா (74), அம்மா (69), தம்பி, தம்பி மனைவி, ரெண்டு பிள்ளைகள் (9, 4) என்று ஆறு பேர் தைப்பூசக் காவடியை ஒட்டி 7 இரவு மொரிஷியஸ் வருகிறார்கள். நான் இருப்பது எபேனில் ஒற்றை அறை, அதில் தங்கவைக்க வழியில்லை. ரெண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, கத்ர போர்னில் மூன்று படுக்கையறை வீடு. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மெட்ரோ 400 மீட்டர். ஏசி ரெண்டு அறையில்தான். சமையலறை உண்டு.

இரண்டாவது, மேற்குக் கரையில் ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் கடற்கரை ஓட்டல். பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு குடும்ப அறை, நீச்சல்குளம், காலை உணவும் இரவு உணவும் சேர்த்து. விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அப்பாவுக்கு முட்டி வலி. அம்மா சுத்த சைவம், முட்டைகூட இல்லை. அவருக்குக் கத்ர போர்னை ஒட்டிய கோர் த கார்த் மலைக் கோயில் காவடியைப் பார்த்தே ஆகணும். பிள்ளைகளுக்குக் கடல். எனக்கு ஐந்து மணி வரை வேலை, சாயங்காலம் அவர்களோடு இருக்க ஆசை. இடம் முக்கியமா, வசதி முக்கியமா?

மலையடிவாரம்:

இடமா வசதியா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. ஒரு தாளில் ஏழு நாளையும் எழுதி, ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எங்கே இருக்கணும் என்று மட்டும் குறியுங்கள். நேரம் தவறக் கூடாத இடம் எத்தனை வருகிறது என்று பாருங்கள். உங்கள் கணக்கில் ஒன்றே ஒன்றுதான் தெரிகிறது: காவடி நாள் காலை. கங்கா தலாவ் ஏரி, சமாரெல் வண்ண மண், பாம்பிள்மூஸ் தோட்டம் எல்லாம் ஒன்பதரைக்குப் போனாலும் ஒன்றுதான், பத்தரைக்குப் போனாலும் ஒன்றுதான்.

இந்தத் தீவு நீளத்தில் சுமார் 65 கிலோமீட்டர், அகலத்தில் 45. வரைபடத்தில் எல்லாம் பக்கமாகவே தெரியும். ஆனால் காலை 7 முதல் 9 வரை போர்ட் லூயிஸ், எபேன் பக்கம் போகும் சாலைகளும், மாலை 4 முதல் 6 வரை அங்கிருந்து திரும்பும் சாலைகளும் நகராது. ஜனவரியில் புதுப் பள்ளி ஆண்டு வேறு தொடங்கியிருக்கும். அதனால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், எந்த மணிக்கு எந்தத் திசையில் போகிறோம் என்று பாருங்கள். ஃபிளிக் ஆன் ஃபிளாக்கிலிருந்து கத்ர போர்ன் 15 கிலோமீட்டர் சுற்று. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் அரை மணிக்குள் வந்துவிடலாம். அதே தூரம் எட்டு மணிக்கு ஒரு மணி நேரத்தை விழுங்கும்.

காவடி நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. மலைக் கோயிலுக்குப் போகிற தெருக்களில் போக்குவரத்தைப் போலீஸ் மாற்றிவிடும், அறிவிப்பு சில நாள் முன்பே வரும். எங்கே தங்கினாலும் கடைசித் தூரம் நடைதான், அதற்கு மேல் மலைப்படி. முட்டி வலிக்காரரை அங்கே ஏற்றுவது சரியில்லை. அப்பாவைக் கீழே ஊர்வலம் போகும் பாதையில் நிழல் பார்த்து உட்காரவைத்து, அம்மாவை யாராவது மேலே கூட்டிப் போகலாம். மடக்கு நாற்காலி ஒன்று, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், குடை. செருப்பைக் கழற்றினால் பையிலேயே வையுங்கள். பத்து மணிக்கு மேல் தார் ரோடு காலைச் சுட்டுவிடும்.

இன்னொன்றும் உண்டு. காவடி கோர் த கார்த்தில் மட்டும் எடுப்பதில்லை, தீவு முழுக்க முருகன் கோயில்களில் எடுக்கிறார்கள். அப்பாவுக்காக ஒரு சமதளக் கோயிலையும் யோசித்து வையுங்கள்.

என் யோசனை: 3 இரவு கத்ர போர்ன், 4 இரவு கடற்கரை. காவடிக்கு முந்தின நாள், காவடி நாள், மறுநாள் வரை ஊருக்குள். பிறகு கடல்.

சாவிக்கொத்து:

பிரிப்பது நல்ல யோசனைதான், ஆனால் அந்த மாடி வீடு வேண்டாம். ரெண்டு மாடி என்றால் முப்பது, முப்பத்தாறு படி இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறி இறங்கினால் நூற்றெண்பது படிக்குக் குறையாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைக் கொல்லும். இரண்டாம் நாளே அப்பா “நான் வரல, நீங்க போயிட்டு வாங்க” என்பார். அப்புறம் கோயில் பக்கத்தில் இருந்து என்ன லாபம்? ஊருக்குள் எடுப்பதானால் தரைத்தளம் பாருங்கள்.

இங்கே வாடகை விளம்பரங்கள் பாதிக்கு மேல் பிரெஞ்சில்தான். புரியாமல் பணம் கட்டி ஏமாறுவது அங்கேதான், அதனால் சில சொற்கள்:

“ரே த ஷோசே” என்றால் தரைத்தளம். “பிரமியே எதாஜ்” நம் முதல் மாடி.

“பியே தான் லோ” என்றால் வாசலைத் தாண்டினால் மணல். “வ்யூ மேர்” என்றால் கடல் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். நடுவில் 700 மீட்டரும் ஒரு பெரிய சாலையும் இருக்கலாம். “கடற்கரைக்கு 5 நிமிடம்” என்று போட்டிருந்தால் நடந்தா, காரிலா என்று எழுத்தில் கேளுங்கள்.

“சிஸ் கூஷாஜ்” என்றால் ஆறு பேர் படுக்கலாம். ஆறு கட்டில் என்று அர்த்தம் இல்லை. கூடத்தில் கிடக்கும் “கிளிக் கிளாக்” சோஃபாவை விரித்து அதில் ரெண்டு பேரைக் கணக்கில் சேர்த்திருப்பார்கள். நடுவில் இரும்புப் பட்டை முதுகில் குத்தும். கூடத்தில் ஏசி இருப்பதும் அரிது.

“கோசியோன்” என்பது முன்பணம், சாவி திருப்பும்போது வாங்க வேண்டியது. நுழைந்ததும் கீறல், உடைசல், கறை எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

குளியலறைப் படம் இல்லாத விளம்பரத்தை நம்பாதீர்கள். பழைய வீடுகளில் தொட்டிக்குள் நின்றுதான் குளிக்கணும். விளிம்பு 50 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், ஈரக் காலோடு அதைத் தாண்டுவது வயதானவருக்கு ஆபத்து. “தூஷ் அ லிடாலியென்” இருக்கிறதா என்று கேளுங்கள், அதுதான் தரையோடு தரையாக இருக்கும் குளியலிடம்.

தண்ணீர். ஊர் விநியோகம் சில பகுதிகளில் நேரம் வைத்துத்தான் வருகிறது, அதனால் வீட்டுத் தொட்டி எவ்வளவு என்பது முக்கியம். ஆறு பேர், ஆளுக்கு 150 லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 900. ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் ஒரு நாள்தான் தாங்கும். மேல் வீட்டுக்கும் அதே தொட்டியா என்றும் கேளுங்கள். வெந்நீர் சூரிய ஹீட்டரில் என்றால் மேகமூட்டமான நாளில் கடைசியாகக் குளிப்பவருக்குப் பச்சைத் தண்ணீர்தான், மின்சார உதவி இருக்கணும்.

ஏசியை விட்டுக்கொடுக்கவே வேண்டாம். தைப்பூச நேரம் இங்கே கோடை. கியூர்பிப் மேட்டில் மின்விசிறி போதும், கத்ர போர்னில் சமாளிக்கலாம், மேற்குக் கரையில் முடியாது. அங்கே மேற்குப் பார்த்த அறையில் மதியம் ரெண்டு மணிக்கு விழுந்த வெயில், ஏழு மணிக்குச் சூரியன் மறையும் வரை இருக்கும். மேல்தளமாக இருந்தால் கான்கிரீட் கூரை வாங்கின சூட்டை ராத்திரி பதினோரு மணிக்கு நம் மேல் இறக்கும். சூரிய அஸ்தமனம் தெரியும் அறை என்று அதிகக் காசு கேட்பார்கள், சூட்டுக்கும் சேர்த்துத்தான்.

செலவுக் கணக்கில் ஒன்று விடுபடும்: 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டுப் பயணிக்கு ஓர் இரவுக்கு 3 யூரோ கட்டணம், 12 வயதுக்குக் கீழே கிடையாது. உங்களுக்கு 4 பேர் × 7 இரவு = 84 யூரோ. விலையில் சேர்ந்திருக்கிறதா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடுதியோ வீடோ, சுற்றுலா ஆணைய உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தென்மேற்கு:

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆறு பேர், எட்டுப் பத்துப் பெட்டி, நாலு வயதுக் குழந்தை. ஓட்டல் மாறும் நாள் பாதி நாள் போச்சு. பத்து, பதினொன்றுக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த இடத்தில் ரெண்டு மணிக்குத்தான் கொடுப்பார்கள். நடுவில் அப்பா எங்கே படுப்பார்?

ஏழு இரவும் ஃபிளிக் ஆன் ஃபிளாக்கிலேயே இருக்கட்டும். அந்த ஒரு காலைக்காக மூன்று இரவை ஊருக்குள் போட வேண்டாம். ஐந்து மணிக்கு வேன் வரச் சொல்லுங்கள். ஆறு பேரோடு நீங்களும் சேர்ந்தால் ஏழு, ஓட்டுநர் தனி. அதனால் ஏழு இருக்கை வண்டி போதாது. ஒன்பது இருக்கை கேளுங்கள், குழந்தை இருக்கையும் சொல்லி வையுங்கள். வாடகையை ஏறுவதற்கு முன், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடணும்.

காவடி வாரம் கோடையில் விழுவது கிழக்குக் கரைக்கும் சாதகம்தான். தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கிழக்கே பெல் மார் பக்கம் மணல் முகத்தில் அடிக்கும், ஜனவரியில் அந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் கிழக்குக் கரையிலிருந்து கத்ர போர்ன் தூரம். வடக்கே கிராண்ட் பேயை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உங்கள் திட்டத்துக்கு அது தப்பான மூலை. வடக்கிலிருந்து வந்தால் போர்ட் லூயிஸைத் தாண்டணும், இல்லை தெர் ரூஜ், வெர்தன், த்ரியனோன் வழியாகச் சுற்றணும். கங்கா தலாவ், சமாரெல், லெ மோர்ன் மூன்றும் தென்மேற்குப் பாதி. வடக்குக்கு ஒரே ஒரு நாள்: பாம்பிள்மூஸ் தோட்டம், திரும்பும் வழியில் போர்ட் லூயிஸ் மீனாட்சி அம்மன் கோயில்.

ஆனால் இரவு உணவு சேர்த்த விலை வேண்டாம். ஏழு மணிக்குள் திரும்பணும் என்று அது உங்களைக் கட்டிப்போடும். காவடி அன்று கோயிலிலேயே ஏழு கறிச் சாப்பாடு (ஏழு வகைச் சைவக் கறி) இருக்கும், வடக்குப் போகும் நாள் எப்படியும் தாமதம். கட்டின காசு ரெண்டு மூன்று இரவு வீண். காலை உணவோடு மட்டும் விலை கேளுங்கள். அம்மாவுக்கு ஓட்டலில் “சைவம்” என்றால் போதாது. முட்டை, மீன், கோழிச் சாறு எதுவும் கூடாது என்று முன்பதிவிலேயே எழுதிக் கொடுங்கள். காவடி அன்று ஐந்து மணிக்கு உணவுக்கூடம் திறந்திருக்காது, முந்தின இரவே பொட்டலம் கட்டித் தரச் சொல்லலாம்.

கடல் விஷயம்: பவளத்திட்டுக்குள் ஆழம் குறைவு, பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் காலில் முள் குத்தும் கடல் முள்ளெலியும், கல் போலவே கிடக்கும் விஷ முள் கல்மீனும் உண்டு. கெட்டி அடிப்பாகம் உள்ள தண்ணீர்ச் செருப்பு எல்லோருக்கும் வாங்குங்கள். கடற்கரை எல்லோருக்கும் பொது, ஓட்டலுக்குச் சொந்தமில்லை. அதனால் மணலில் இறங்கிவிடும் அறைக்காக மட்டும் காசு கொட்ட வேண்டாம், நூறு மீட்டர் பின்னால் தரைத்தளம் கிடைத்தால் அதுவே போதும்.

எபேன் மாலா:

ரொம்ப நன்றி. மாடி வீட்டை விட்டுவிட்டேன். ஃபிளிக் ஆன் ஃபிளாக், தரைத்தளம், காலை உணவு மட்டும் என்று கேட்டு எழுதுகிறேன். எபேனிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் நெரிசலில் போய்ச் சேர ஆறாகிவிடும், அது பரவாயில்லை. ஒரு பயம்: அது புயல் காலம்தானே? குடும்பம் மொத்தமும் மாட்டிக்கொண்டால்?

மலையடிவாரம்:

புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. எச்சரிக்கை 3ம் வகுப்புக்குப் போனால் பஸ் நின்றுவிடும், யாரும் வெளியே போகக் கூடாது. அந்த நேரத்தில் ஓட்டல் வாடகை வீட்டைவிட மேல்: ஜெனரேட்டரும் சமையல் ஆளும் அங்கேயே இருப்பார்கள். ரெண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். புயலால் விமானம் ரத்தானால் தங்காத இரவுக்குப் பணம் திரும்புமா? கூடுதல் நாள் தங்க நேர்ந்தால் அதே விலையா? தரைத்தளம் கேட்கும்போது, மழைநீர் ஓடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

சாவிக்கொத்து:

மதுரையிலிருந்து வருபவர்களிடம் ப்ளக் பற்றிச் சொன்னீர்களா? இங்கே சுவரில் செவ்வகத் துளை உள்ள இங்கிலாந்து வகை அல்லது உருண்டை ரெண்டு கால் வகை. போன் சார்ஜர் பெரும்பாலும் போகும், அம்மாவின் மூன்று உருண்டைக் கால் மிக்ஸியோ கெட்டிலோ போகாது. அடாப்டர் ரெண்டு வாங்கி வரச் சொல்லுங்கள்.