திருநெல்வேலி குறுக்குத்துறையில மத்தியான வெயில்ல வீடியோ எடுத்தா எல்லாம் வெளுத்துப் போவுது, என்ன செய்ய?

படித்துறைக்காரன்:
அண்ணாச்சிமாரே, குறும்படம் ஒண்ணு எடுக்கேன். படித்துறையில ஒரு ஆச்சி வெள்ளச் சேலைய கல்லுல அடிச்சுத் துவைக்காவ, மணி 12. செகண்டுக்கு 25 பிரேம், ஷட்டர் (ஒரு பிரேமுக்கு வெளிச்சம் விழுற நேரம்) 1/50 செகண்டு, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த உணருற அளவு) 100, அப்பர்ச்சர் (லென்ஸ்ல வெளிச்சம் வர்ற துவாரம்) எஃப் 2.8. சேலையில ஒரு மடிப்புகூடத் தெரியல, வெறும் வெள்ள. ஷட்டர 1/3000 கிட்ட கொண்டு போனேன், வெளிச்சம் சரியாச்சு, ஆனா தெறிக்கிற தண்ணி வெட்டி வெட்டி ஓடுது, பாக்கவே முடியல.

பாளையங்கோட்டை:
தம்பி, ஷட்டர 1/50லயே விட்டுருங்க, அசைவு இயல்பா தெரியுறதே அதனாலதான். நல்ல வெயிலுக்குப் பழைய கணக்கு ஒண்ணு உண்டு, ஐஎஸ்ஓ 100க்கு எஃப் 16ல 1/100. நீங்க 1/50 வச்சிருக்கீய, அப்போ வெளிச்சம் ரெண்டு மடங்கு, துவாரத்த எஃப் 22க்குச் சின்னதாக்கணும் (எஃப் நம்பர் கூடுனா துவாரம் சின்னது), அங்கேருந்து 2.8க்கு வந்தா 6 ஸ்டாப், அதாவது 6 படி கூட, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் ரெண்டு மடங்குன்னா மொத்தம் 64 மடங்கு. சேல வெந்து போவாம என்ன செய்யும்? வெளிச்சத்த 64ல ஒரு பங்கா குறைக்கிற என்டி 64 பில்டர (லென்ஸ் முன்னால போடுற கருப்புக் கண்ணாடி) மாட்டுங்க, அப்பர்ச்சர் அப்படியே இருக்கட்டும்.

ஆத்தங்கரை:
அண்ணாச்சி சொன்னது சரி. பில்டர் போட்டப்புறம் ஹிஸ்டோகிராமையும் (படத்தோட இருட்ட இடதுலயும் வெளிச்சத்த வலதுலயும் காட்டுற வரைபடம்) பாருங்க, வலது ஓரத்துல முட்டி நின்னா சேல போச்சுன்னு அர்த்தம், அத எடிட்டிங்ல மீட்க முடியாது, நிழல்னா கொஞ்சம் தூக்கிக்கலாம். கேமராவோட வெளிச்ச மீட்டர சேல மேலயே வச்சு அளக்காதீய, வெள்ளையையும் அது சாம்பலாக்கத்தான் பாக்கும், ஆச்சி முகம் இருட்டிப் போயிரும்.

படித்துறைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. பில்டர் வாடகைக்கு எடுத்துட்டு ஞாயித்துக்கிழம திரும்பப் போறேன், ஆச்சியும் வாரேன்னுட்டாவ.